சுவரில் இல்லாத எட்டுக்காலி

"சாரே, அது எனக்க மேல சாடிரும்."

மேசைமேல் பழைய நாளிதழ் ஒன்றை விரித்துப் போட்டிருந்தேன். வேறொன்றும் இல்லை. ஆனால் செல்போன் திரையில் அதே நாளிதழின்மேல் உள்ளங்கை அகலத்தில் ஓர் எட்டுக்காலி, அதாவது சிலந்தி, உட்கார்ந்திருந்தது. போனைப் பிடித்திருந்தவர் பயந்து பேசிய அந்தப் பெண்தான். கை நடுக்கத்தில் திரையே ஆடியது.

"பயம் நூத்துக்கு எவ்வளவு?" என்றேன்.

"தொண்ணூறு."

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் குடும்பம். முப்பதுகளில் இருக்கும் பெண். ஆளை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். நெஞ்சு படபடப்பு என்று இ.சி.ஜி. வரை பார்த்துவிட்டு, இதயத்தில் கோளாறு இல்லை என்று மனநலச் சிகிச்சைக்காக என்னிடம் அனுப்பியிருந்தார்கள். பேசப் பேசத்தான் சங்கதி வெளியே வந்தது. ரப்பர் ஷீட் உலர்த்தும் புகை அறைக்குள் அவர் கால் வைத்து நான்கு வருடம் ஆகிறது. மாமியார் துடைப்பத்தோடு முதலில் போய்ப் பார்த்து, "ஒண்ணுமில்ல மோளே, போ" என்று சொன்னால்தான் குளியலறைக்குப் போவார். படுக்கும்முன் கணவர் டார்ச் அடித்து ஓட்டுக்கூரையை மூலை மூலையாகக் காட்ட வேண்டும். மந்திரித்த கயிறும் கையில் இருந்தது.

வீட்டார் அன்பாகச் செய்கிற இவைதான் பயத்துக்குத் தீனி. ஒவ்வொரு முறை தப்பிக்கும்போதும் கிடைக்கிற நிம்மதி, 'விலகியதால்தான் பிழைத்தோம்' என்று மூளைக்குச் சொல்லிக்கொடுக்கிறது. சிகிச்சை இதற்கு நேர் எதிர்த் திசை. பயப்படும் பொருளின் பக்கத்தில், ஓடாமல், 'நினைத்தது நடக்கவில்லையே' என்று உடம்பு கண்டுகொள்ளும்வரை இருப்பது. பழைய வித்தைதான். 1924-லேயே மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டால் அலறிய பீட்டர் என்ற சிறுவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே, முயலைக் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் கொண்டுவந்து பயத்தைப் போக்கினார். சுவீடனின் லார்ஸ் யோரான் ஓஸ்ட் 1989-ல் ஒரே அமர்வில், அதிகபட்சம் மூன்று மணி நேரத்துக்குள், இதைச் செய்யலாம் என்று எழுதினார்.

வித்தை தெரியும், முதல் படிதான் தகராறு. நிஜ எட்டுக்காலி நாம் சொன்னபடி கேட்காது. ஒருமுறை ஊறுகாய் பாட்டிலில் ஒன்றைப் பிடித்து வைத்தேன். மறுநாள் மூடி லேசாகத் திறந்திருந்தது, பாட்டில் காலி. வரவேற்பில் இருந்த பெண் அந்த வாரம் முழுக்க என் அறைக்குள் வரவில்லை. நிஜப் பூச்சியைக் காட்டப்போகிறோம் என்றாலே அடுத்த முறை வராத நோயாளிகளும் உண்டு.

ஆக்மென்டட் ரியாலிட்டி, சுருக்கமாக ஏ.ஆர்., உதவுவது இந்த இடத்தில்தான். முகத்தில் கண்ணாடி மாட்டி வேறொரு உலகத்துக்குள் தள்ளுவது வி.ஆர். ஏ.ஆரில் உலகம் நம்முடையதே. கூடுதலாக ஓர் உருவம் மட்டும் வந்து உட்காரும். தன் கை, தன் மேசை, தன் அடுக்களைச் சுவர் எல்லாம் அப்படியே தெரியும். ஸ்பெயினில் கிறிஸ்டினா போட்டெயா குழு கரப்பான் பயத்துக்கு இதைப் பயன்படுத்தியதை 2005-ல் வெளியிட்டது. பிறகு 63 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு நிஜப் பூச்சி, இன்னொன்றுக்கு ஏ.ஆர். என்று ஒப்பிட்டு 2016-ல் எழுதினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரண்டும் ஏறக்குறைய சமம். சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தார் செல்போன் செயலியாகவே செய்து, 66 பேரிடம் சோதித்து 2021-ல் வெளியிட்டார்கள். வீட்டிலேயே அரை மணி நேரப் பயிற்சி, ஆறு தடவை. முன்னேற்றத்தை அளந்தது நிஜச் சிலந்தியை வைத்து. அதுதான் நேர்மையான பரீட்சை.

நாளிதழ் எதற்கு என்று கேட்கலாம். முதல் நாள் வெள்ளையடித்த சுவரைக் காட்டி போனைக் கொடுத்தேன். கேமராவுக்குப் பிடிமானமாக ஒரு புள்ளிகூட இல்லாத சுவர். எட்டுக்காலி அந்தரத்தில் வழுக்கிக்கொண்டே போய் மின்விசிறிப் பக்கம் நின்றது. அவர் சிரித்துவிட்டார். சிரிப்பு நல்லதுதான், ஆனால் அன்றைக்குப் பயிற்சி போச்சு. எழுத்தும் படமுமாக இருக்கிற பரப்பில், நல்ல வெளிச்சத்தில் வைத்தால் உருவம் ஒட்டி நிற்கும். பழைய நாளிதழ் போதும்.

தொண்ணூறு எழுபதாவதற்குப் பதினைந்து நிமிடம் ஆனது. நான் ஆறுதல் சொல்லவில்லை. சொன்னால் நானும் துடைப்பம் பிடித்த மாமியார்தான். அடுத்து நடக்கிற எட்டுக்காலி. பிறகு அதன் பக்கத்தில் கை. பிறகு வீட்டில், அவருடைய அடுக்களை மேடையில். ஐந்தாவது வாரம் பாட்டிலில் நிஜமான ஒன்று, இம்முறை மூடியை நானே இறுக்கினேன். போனோடு நிறுத்தினால் போனில் உள்ள எட்டுக்காலிக்கு மட்டும்தான் பயம் போகும்.

ஒரு எச்சரிக்கை. கணவரோ பிள்ளைகளோ விளையாட்டாக இதைத் திடீரென்று முகத்துக்கு நேரே நீட்டுவது சிகிச்சை அல்ல, கொடுமை. எவ்வளவு நெருங்குவது என்பது பயப்படுகிறவர் கையில் இருக்க வேண்டும். போனை அவரிடமே கொடுத்தது அதனால்தான்.

எல்லாவற்றுக்கும் இது ஆகாது. இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிகிற, குரல் கேட்கிற நோயாளியிடம் நான் இதை எடுப்பதே இல்லை. உயரத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கும் இதனால் பெரிய பயன் கிடையாது, அதற்கு வி.ஆர். உண்டு. அல்லது படிப்படியாகப் பழக நம் மாவட்டத்திலேயே இடங்கள் இருக்கின்றன. கன்னியாகுமரிக் கடலில் 2024 டிசம்பர் 30-ல் திறந்த 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம், அது போதாதென்றால் 115 அடி உயர மாத்தூர் தொட்டிப்பாலம். துணையோடு, பாதிப் பாலத்திலிருந்து தொடங்கலாம்.

கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு அம்மா வந்தார். 2017 ஒக்கி புயலுக்கு முன் கடலுக்குப் போன மகன் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. யாரோ சொல்லியிருக்கிறார்கள்: போட்டோ கொடுத்தால் போனில் அவனை முற்றத்தில் நிற்க வைக்கலாமாம். "ஒரு தடவ காட்டித் தருவியளா?" என்றார். எட்டுக்காலி விஷயத்தில் இல்லாததைக் காட்டுவது, இருப்பதோடு வாழப் பழக்குவதற்காக. இங்கே அது தலைகீழாகிவிடும் என்று பட்டது. போனை எடுக்கவில்லை. அவனைப் பற்றிச் சொல்லச் சொன்னேன். மத்தியானம்வரை சொன்னார்.

பயத்தால் ஆறு மாதத்துக்கு மேலாக வேலையோ நடமாட்டமோ முடங்குகிறது என்றால் பயிற்சி பெற்றவரிடம் வாருங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416-ல் டெலி மனஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவி எந்நேரமும் தமிழில் பேசும், கட்டணம் இல்லை.

குலசேகரத்துக்காரர் போன மாதம் வந்தார். எண் இருபதில் நிற்கிறது. கயிறு இன்னும் கையில் இருக்கிறது, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. புகை அறைக்குப் போகிறீர்களா என்றேன்.

"போறேன் சாரே. இப்போ அந்த வேல முழுக்க எனக்க தலையில கெட்டியாச்சு."