ரோல்பேக் எதுவரை பின்னால் போகும்?

ஒரு லட்சம் ஆவணங்களை அப்பாச்சி சோலர் என்ற தேடல் சர்வரின் இன்டெக்ஸில் ஏற்றிக்கொண்டிருக்கிறீர்கள். 40-வது நொடியில் தரவில் ஏதோ கோளாறு, நிரல் நின்றுவிடுகிறது. செய்ததைத் திரும்பப் பெற ரோல்பேக் கட்டளை அனுப்புகிறீர்கள், சர்வரும் பிழை எதுவும் சொல்லவில்லை. போய்ப் பார்த்தால், ஏற்றியதில் பெரும்பகுதி இன்டெக்ஸிலேயே உட்கார்ந்திருக்கிறது.

டேட்டாபேஸில் ரோல்பேக் என்றால், நம் டிரான்சாக்‌ஷன் தொடங்கிய இடத்துக்குத் திரும்புவது. சோலரில் அது கடைசி கமிட் (மாற்றங்களை நிலையாக்கும் கட்டளை) வரைக்கும்தான் போகும். அந்தக் கமிட்டைப் போட்டது நீங்களா, வேறொருவரா, சர்வரே தானாகப் போட்டதா என்று பார்க்காது.

காரணம், அடியில் இருக்கும் லூசீன் என்ற தேடல் நிரல்தொகுப்பு வேலை செய்யும் விதம். வரும் ஆவணங்களை லூசீன் நினைவகத்தில் சேர்த்துவைத்து, நிரம்பியதும் செக்மென்ட் கோப்புகளாக வட்டில் எழுதுகிறது. எழுதியதாலேயே அவை இன்டெக்ஸில் சேர்ந்துவிடுவதில்லை. எந்தெந்த செக்மென்ட் செல்லும் என்ற பட்டியல் ஒரு தனிச் சிறு கோப்பில் இருக்கிறது. கமிட் என்பது, எழுதியவை வட்டில் பத்திரமாகப் பதிந்ததை உறுதிசெய்துகொண்டு, அடுத்த எண்ணோடு புதிய பட்டியலை எழுதுவது. ரோல்பேக் செய்தால் பட்டியலில் ஏறாதவை தூக்கி எறியப்படும், அவ்வளவுதான். புதிய பட்டியல் வந்ததும் பழைய பட்டியலை லூசீன் இயல்பாகவே நீக்கிவிடும். ஆகவே இரண்டு கமிட் பின்னால் போக வழியில்லை.

சோலரோடு வரும் மாதிரி அமைப்பில் ஆட்டோ கமிட்டுக்கு 15,000 மில்லிவினாடி என்று இருக்கும். கமிட் ஆகாத முதல் மாற்றம் வந்த கணத்திலிருந்து இந்தக் கடிகாரம் ஓடும். 15-வது நொடியில் ஒரு கமிட், ஏறக்குறைய 30-ல் இன்னொன்று. 40-ல் ரோல்பேக் செய்தால் கழிவது கடைசிப் பத்து நொடி வேலை மட்டும்.

பழையதையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுபவர்களுக்கு இது இன்னும் மோசம். அழிப்பும் ஒரு மாற்றம்தான். முதல் கமிட்டிலேயே நிலைத்துவிடும். ஆனால் சோலரோடு வரும் அந்த மாதிரி அமைப்பில், ஆட்டோ கமிட்டுக்குப் பின் புதிய சர்ச்சர் (தேடலுக்குப் பதில் சொல்லும் பகுதி) திறக்காது. பழைய சர்ச்சர் தான் பிடித்துவைத்த கோப்புகளிலிருந்தே பதில் சொல்லிக்கொண்டிருக்கும். தேடினால் பழைய ஆவணங்கள் எல்லாமே வரும், எதுவும் கெடவில்லை என்று தோன்றும். சர்வரை ஒருமுறை நிறுத்தித் தொடங்கினாலோ, வேறு வழியில் புதிய சர்ச்சர் திறந்தாலோதான் குட்டு வெளிப்படும்: இருப்பது பாதி இன்டெக்ஸ்.

சாஃப்ட் கமிட் இதற்கு நேர் எதிர். ஆவணங்களைத் தேடலில் காட்டும், ரோல்பேக் எல்லையை நகர்த்தாது. அந்த எல்லையை நகர்த்துவது ஹார்ட் கமிட், அதாவது இதுவரை பார்த்த வகை கமிட் மட்டுமே.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு கோருக்கு, அதாவது சர்வரில் இயங்கும் ஒரு இன்டெக்ஸுக்கு, ஒரே எழுத்தாளன் (ரைட்டர்). எல்லா கிளையன்டுகளின் மாற்றங்களும் அதன் வழியாகத்தான் போகின்றன. நீங்கள் ரோல்பேக் செய்தால் பக்கத்து நிரல் அப்போதுதான் சேர்த்ததும் போய்விடும். இதை டிரான்சாக்‌ஷன் என்று அழைப்பதே கொஞ்சம் தாராளம்தான். பல சர்வர்கள் சேர்ந்து இயங்கும் சோலர்கிளவுட் முறையில் ரோல்பேக் ஆதரிக்கப்படுவதே இல்லை.

அப்படியானால் ஆட்டோ கமிட்டை அணைத்துவிடலாமா? அணைக்கலாம், ஆனால் ஹார்ட் கமிட் இல்லாமல், வரும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் டிரான்சாக்‌ஷன் லாக் வளர்ந்துகொண்டே போகும். நடுவில் சர்வர் விழுந்தால், எழும்போது அத்தனையையும் மறுபடி ஓட்ட வேண்டும். என்னைக் கேட்டால், பெரிய ஏற்றத்துக்கு ரோல்பேக்கை நம்பவே கூடாது. தனி கோரில் புதிய இன்டெக்ஸைக் கட்டி, எண்ணிக்கையைச் சரிபார்த்த பிறகு ஸ்வாப் கட்டளையால் இரண்டையும் இடம் மாற்றலாம். கிளவுடில் புதிய இன்டெக்ஸை, அதாவது புதிய கலெக்‌ஷனைக் கட்டி, நிரல்கள் பயன்படுத்தும் மாற்றுப்பெயரான ஏலியாஸை அதன் பக்கம் திருப்பினால் போதும். ஏற்றம் பாதியில் நின்றால் அந்தப் புதிய கலெக்‌ஷனை நீக்கிவிட்டு மறுபடி தொடங்கலாம். பழையதில் யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள்.