விரல் வைத்துப் பார்த்தார்களா?

'மூலம், பௌத்திரம்: ஆபரேஷன் இல்லாமல் குணம்' என்ற நோட்டீஸ் ஒட்டாத பேருந்து நிலையக் கழிவறை தமிழ்நாட்டில் அபூர்வம். அதை நம்பிப் போனவர்கள் மாதக்கணக்கில் அலைந்துவிட்டுப் புற்றுநோய்ப் பிரிவுக்கு வரும்போது கோப்பில் எல்லாமே இருக்கும். ரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன், மாத்திரைச் சீட்டுகள், லேகியம் வாங்கிய ரசீது. யாராவது கையுறை போட்டு ஆசனவாயில் விரல் விட்டுப் பார்த்ததாக ஒரு வரிதான் இருக்காது. மலக்குடல் புற்றுநோய்க் கட்டியோ விரலுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்.

மலக்குடல் சுமார் 15 செ.மீ. நீளம். விரல் 7, 8 செ.மீ. வரை போகும். இடப்பக்கம் சாய்ந்து முழங்காலை மடக்கிப் படுத்தால் ஒரு நிமிட வேலை. ஒரு கையுறை, கொஞ்சம் ஜெல்லி, அவ்வளவுதான் செலவு. நோயாளி கூச்சப்படுகிறார், மாலைக் கூட்டத்தில் டாக்டருக்கும் அது வசதியாகப் போய்விடுகிறது. இதில் டாக்டர்களான எங்கள் மேல்தான் பாதிப் பழி. பெண்கள் பெண் மருத்துவரைக் கேட்கலாம், கூட ஒரு நர்ஸ் நிற்கச் சொல்லலாம். பார்க்காமல் எழுதித் தரும் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

"துத்திக்கீரையும் கருணைக்கிழங்கும் சாப்பிட்டேன், ரத்தம் நின்னுடுச்சு, அப்போ மூலம்தானே?" தினமும் கேட்கிற கேள்வி. இல்லை. புற்றுநோய்க் கட்டியும் விட்டுவிட்டுத்தான் கசியும். நான்கு நாள் ரத்தம் வரும், மூன்று வாரம் ஒன்றும் இருக்காது, மறுபடி வரும். அந்த மூன்று வாரத்துக்கான பெயரை லேகியம் தட்டிக்கொண்டு போகிறது. அடுத்த முறை வந்தால் 'சூடு', அதற்கடுத்த முறை 'கறி சாப்பிட்டது சேரவில்லை'. இப்படியே ஒரு வருடம் ஓடிவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூலம் இருப்பதாலேயே கட்டி இல்லை என்று ஆகாது. மூலம் ஊரில் பலருக்கும் இருக்கும் தொல்லை. கட்டி உள்ளவருக்கும் அது இருக்கலாம். வாசலில் மூலத்தைப் பார்த்ததும் திரும்பிவிட்டால், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? 'வலியே இல்லை' என்பதும் ஆறுதல் இல்லை. மலக்குடலின் மேல்பகுதியில் வெட்டினாலும் சுட்டாலும் நமக்குத் தெரியாது, கட்டி வளர்ந்தாலும் தெரியாது. வலி பெரும்பாலும் அது பக்கத்தில் பரவிய பிறகு வருவது.

மூல ரத்தம் பெரும்பாலும் மலம் போன பிறகு பளிச்சென்று சொட்டும். மலத்தோடு கலந்து வருவது, சளியோடு வருவது, போய்விட்டு வந்தும் இன்னும் பாக்கி இருப்பது போன்ற உணர்வு, விடிந்ததும் நாலைந்து முறை ஓடியும் சளியும் ரத்தமும் மட்டுமே வருவது, வழக்கமான போக்கு மாறி ஆறு வாரம் ஆவது: இதில் ஒன்று இருந்தாலும் உள்ளே கேமரா குழாய் விட்டுப் பார்த்தாக வேண்டும் (கொலோனோஸ்கோபி). ஐம்பதைத் தாண்டிய ஆணுக்கு இரும்புச்சத்து குறைந்து ரத்தசோகை என்றால் டானிக் எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள். மாதவிடாய் இல்லாத உடம்பில் ரத்தம் எந்த வழியாகப் போகிறது? வயதை வைத்து யாரையும் விலக்கவும் வேண்டாம். முப்பதுகளில் இருப்பவர்களும் வருகிறார்கள்.

'வயிற்று ஸ்கேனில் நார்மல்' என்ற தாளைத் தூக்கிப் போடுங்கள். அல்ட்ராசவுண்டை நம்பி மலக்குடலில் கட்டி இல்லை என்று சொல்ல முடியாது. மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் வரும் சிஇஏ (கட்டி இருந்தால் ரத்தத்தில் ஏறக்கூடிய ஒரு புரதம்) ரத்தப் பரிசோதனையும் நோயைக் கண்டுபிடிப்பதற்கானதல்ல. ஆரம்பக் கட்டியில் அது பலருக்கு நார்மலாகவே இருக்கும், புகைப்பவருக்குக் கட்டி இல்லாமலே ஏறும்.

கொலோனோஸ்கோபி வீணாவது பெரும்பாலும் வயிறு சுத்தமாகாததால். இரும்பு மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்துங்கள். மூன்று நாள் கீரை, கொய்யா, தக்காளி விதை வேண்டாம். முந்தைய நாள் இளநீர், வடிகட்டிய சூப் போன்ற தெளிந்த நீர் ஆகாரம் மட்டும். பீட்ரூட் ஜூஸ் கூடாது, உள்ளே ரத்தம் போலத் தெரியும். பேதி மருந்துக் கரைசல் மொத்தம் 2 முதல் 4 லிட்டர். பாதியை முதல்நாள் இரவு, மீதியைப் பரிசோதனைக்கு நான்கைந்து மணி நேரம் முன்பு குடிக்க வேண்டும். குமட்டுகிறது என்று பாதியைக் கொட்டிவிட்டு 'எல்லாம் குடிச்சேன்' என்று சொல்பவர்களே, குழாய்க்குப் பொய் தெரியாது. கடைசியில் சிறுநீர் நிறத்தில் தெளிவாகப் போனால் சரி. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் சர்க்கரை நோயாளிகளும் முன்கூட்டியே சொல்லுங்கள். அந்த மருந்துகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். மயக்க மருந்து தருவதால் துணைக்கு ஒருவர் வேண்டும், அன்று வண்டி ஓட்டக் கூடாது. ரிப்போர்ட்டில் பெருங்குடலின் தொடக்கமான சீக்கம் வரை போனதா, அதன் படம் இருக்கிறதா, குடல் எவ்வளவு சுத்தமாக இருந்தது என்று பாருங்கள்.

யாரிடம் போவது? முதலில் பொது அறுவை மருத்துவர் போதும். அரசு மருத்துவமனை சர்ஜரி ஓ.பி.யிலேயே இதைப் பார்ப்பார்கள். கொலோனோஸ்கோபிக்குக் குடல் மருத்துவர். சீட்டில் பதிவு எண் இல்லாதவரிடம் ஆசனவாயை ஒப்படைக்காதீர்கள். அவர் வைக்கும் காரமருந்தில் வாசல் சுருங்கி, பிறகு எங்கள் விரலும் நுழையாது.

பயாப்சியில் (கட்டியிலிருந்து கிள்ளி எடுத்த சதையின் பரிசோதனை) புற்று என்று வந்தால் அடுத்த நாளே வெட்டச் சம்மதிக்காதீர்கள். இடுப்பு எம்ஆர்ஐ, நெஞ்சு-வயிறு சிடி முதலில். மலக்குடல் புற்றுநோயில் பலருக்குக் கதிர்வீச்சும் கீமோவும் அறுவைக்கு முன்பே வேண்டியிருக்கும். 'வயித்துல பை வச்சிடுவாங்க' என்று பயந்து ஓடுகிறவர்களுக்கு: மலம் வெளியேற வயிற்றில் ஒட்டும் அந்தப் பை பலருக்குச் சில மாதம்தான். நிரந்தரமாகும் வாய்ப்பைக் கூட்டுவது ஓடிப்போன காலம். இரண்டாவது அபிப்பிராயம் கேட்க நினைத்தால் பயாப்சியின் ஸ்லைடையும் சதைத் துணுக்கைப் பதித்துவைத்த மெழுகுக் கட்டியையும் ஆய்வகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது.

வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அவருக்குக் கண்டுபிடித்த வயதில் பத்தைக் கழியுங்கள். அந்த வயது, அல்லது நாற்பது, எது முன்னால் வருகிறதோ அப்போது கொலோனோஸ்கோபி. அப்பாவுக்கு 46 என்றால் மகளுக்கு 36.