காலுக்குள் ஒரு புட்வால்வு

காரைக்குடிப் பக்கம் கல்யாணம் என்றால் முதல் நாள் மாலையிலேயே வீட்டின் பின்கட்டில் விறகடுப்பு மூட்டிவிடுவார்கள். மறுநாள் மதியப் பந்தி ஓயும்வரை தலைமைச் சமையல்காரர் அந்த இடத்தைவிட்டு அசைய மாட்டார். நடப்பதும் கிடையாது, உட்காருவதும் கிடையாது. நிற்பதுதான் வேலை. எனக்குத் தெரிந்த மாஸ்டர் ஒருவர் அப்படி முப்பது வருடம் நின்றவர். இடது கரண்டைக்குச் சற்று மேலே, உட்புறத்தில், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு புண். சுற்றியுள்ள தோல் புகையிலை நிறத்தில் கறுத்துத் தடித்திருக்கிறது. களிம்பை மாற்றி மாற்றிப் போட்டே மூன்று வருடத்தை ஓட்டிவிட்டார்.

“சர்க்கரையும் இல்லை தம்பி, பிறகு ஏன் ஆற மாட்டேன் என்கிறது?” என்றார்.

“உங்கள் கிணற்றில் புட்வால்வு போனால் என்ன செய்வீர்கள் அண்ணே?” என்று திருப்பிக் கேட்டேன்.

கிணற்று மோட்டார் வைத்திருக்கும் எவருக்கும் அந்தச் சங்கடம் தெரியும். உறிஞ்சுகுழாயின் அடியில் இருக்கும் புட்வால்வு, மேலே ஏறிய தண்ணீரைக் கீழே இறங்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். அது கசிந்தால் இரவோடு இரவாகக் குழாய் காலியாகிவிடும். காலையில் மோட்டார் வெறுமனே சுற்றும். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி அன்றைய பாட்டைப் பார்க்கலாம். நாளைக்கும் ஊற்ற வேண்டியிருக்கும்.

மாஸ்டரின் காலுக்குள் நிகழ்வதும் ஏறக்குறைய இதுதான். ஊரில் இதை ‘நரம்புச் சுருட்டு’ என்கிறார்கள். நரம்புக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கெட்டுப்போவது சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். அசையாமல் நிற்கும்போது கரண்டையில் உள்ள சிரையின் அழுத்தம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரச அளவு இருக்கும். தண்ணீர்க் கணக்கில் சொன்னால் நான்கடி உயரத் தண்ணீரின் பாரம். நடக்கத் தொடங்கினால் கெண்டைச் சதை சுருங்கிச் சிரையைப் பிழிகிறது. ரத்தம் மேலே ஏறுகிறது. சிரைக்குள் உள்ள மெல்லிய வால்வுகள் மூடிக்கொண்டு அதை இறங்கவிடாமல் தடுக்கின்றன. சில எட்டுகளிலேயே அழுத்தம் 30-க்குக் கீழே வந்துவிடும். கெண்டைக்காலை இரண்டாவது இதயம் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

இந்த வால்வுகளை இத்தாலியின் பாதுவா நகரில் உடற்கூறு கற்பித்த பாப்ரீசியஸ் 1603-இல் விவரித்தார். ‘சிறு கதவுகள்’ என்று பெயரும் வைத்தார். ஆனால் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதில் கோட்டைவிட்டார். ரத்தம் கால் பக்கமாக மிகுதியாகப் பாயாமல் மட்டுப்படுத்தவே அவை இருப்பதாக அவர் நினைத்தார். அவரிடம் படித்த வில்லியம் ஹார்வி 1628-இல் அதைத் திருத்தினார்: கதவு இதயத்தை நோக்கி மட்டுமே திறக்கும்.

அந்தக் கதவு பழுதானால், நடந்தாலும் அழுத்தம் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்குவதில்லை. ரத்த நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து கால் வீங்குகிறது. சிவப்பணுக்களும் வெளியேறிச் சிதைகின்றன. அவற்றின் இரும்புச்சத்து தோலடியில் தங்கிவிடுகிறது. மாஸ்டர் காலின் புகையிலை நிறம் அந்த இரும்பால் வந்தது. அழற்சி நீடிக்க நீடிக்கத் தோல் தடித்து, ஒரு சின்னச் சிராய்ப்புகூடப் புண்ணாகி நிலைத்துவிடுகிறது.

ஆக, புண் இருப்பது தோலில்; நோய் இருப்பது குழாயில். காலுக்கு வெளியிலிருந்து அழுத்தமாகக் கட்டுப்போடுவது பழைய வைத்தியம், இன்றும் முதல் வைத்தியம். கரண்டையில் இறுக்கம் அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் இருக்கும்படி கட்டினால் வீக்கம் வடிந்து புண் ஆறும். அப்படியானால் குழாயையும் சரிசெய்ய வேண்டுமா? மாஸ்டருக்கு எழுந்த இதே கேள்வியை பிரிட்டனில் 500 நோயாளிகளிடம் வைத்து ஆராய்ந்தார்கள். எஸ்கார் என்று அந்த ஆய்வுக்குப் பெயர்; 2004-இல் முடிவு வெளிவந்தது. ஒரு பாதிப்பேருக்குக் கட்டு மட்டும். மறு பாதிக்குக் கட்டோடு, கசியும் மேல்சிரைக்கு, அதாவது தோலை ஒட்டி ஓடும் சிரைக்கு, அறுவை சிகிச்சையும். யார் எந்தப் பாதி என்பதைக் குலுக்கல்போல முடிவுசெய்தார்கள்.

24 வாரத்தில் இரு பக்கமும் 65 சதவீதம் பேருக்குப் புண் ஆறியிருந்தது. அதோடு ஆய்வை மூடியிருந்தால் ‘அறுவை சிகிச்சை வீண்’ என்று எழுதியிருப்பார்கள். மூடவில்லை. ஓராண்டில் புண் திரும்பி வந்தது கட்டு மட்டும் போட்டவர்களில் 28 சதவீதம் பேருக்கு. அறுவையும் செய்துகொண்டவர்களில் 12 சதவீதம் பேருக்கு. ஆறுவதற்குக் கட்டு போதும். திரும்பாமல் இருக்கத்தான் வால்வைப் பார்க்க வேண்டும். எதை அளக்கிறோம், எத்தனை நாள் காத்திருந்து அளக்கிறோம் என்பதில் முடிவே மாறிவிடுகிறது.

பிறகு கத்திக்குப் பதிலாக லேசரும் ரேடியோ அலையும் வந்தன. மரத்துப்போக ஊசி போட்டு, சிரைக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தி, உள்ளிருந்தே சூடாக்கி அடைத்துவிடுவார்கள். ‘அடைத்தால் ரத்தம் எப்படிப் போகும்?’ என்று எல்லோரும் கேட்கிறார்கள். காலின் பெரும்பங்கு ரத்தம் ஆழத்தில் உள்ள சிரைகள் வழியே போகிறது. அடைபடுவது பின்னோக்கி ஒழுகிக்கொண்டிருந்த குழாய்தான். இதை எப்போது செய்வது என்று 450 பேரிடம் ஆராய்ந்தது 2018-இல் வெளிவந்த எவ்ரா ஆய்வு. புண் ஆறட்டும் என்று காத்திராமல் இரண்டு வாரத்துக்குள் அடைத்தபோது பாதிப்பேருக்குப் புண் ஆறிமுடிய ஆன காலம் 56 நாள். தள்ளிப்போட்டபோது 82 நாள். ‘முதலில் புண் ஆறட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்ற பேச்சு நம் ஊரிலும் உண்டு.

என் மனம் கவர்ந்தது வேறோர் ஆய்வு. ஆழ்சிரையில் ரத்தம் உறைந்தவர்களுக்குப் பின்னாளில் இந்தத் தொல்லைகள் வராமலிருக்க அழுத்தக் காலுறை மாட்டும் வழக்கம் வெகுநாளாக இருந்தது. சாக்ஸ் என்று பெயரிட்ட அந்த ஆய்வில் 806 பேருக்குக் காலுறை கொடுத்தார்கள். பாதி நிஜம், பாதி அழுத்தம் தராத போலி. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. இரண்டு வருடம் கவனித்துப் பார்த்து, 2014-இல் வெளியிட்ட முடிவு: நிஜம் அணிந்தவர்களில் 14.2 சதவீதம் பேருக்குத் தொல்லை. போலி அணிந்தவர்களில் 12.7 சதவீதம். பயனில்லை. ஆறாத புண்ணுக்குக் காலுறை வீண் என்று இதற்குப் பொருளல்ல. இது முற்றிலும் வேறு கேள்வி. ஆனாலும் போலிக் காலுறை தைத்து ஊரை நம்பவைத்த பொறுமைக்கு ஒரு கும்பிடு போடலாம்.

நான் அழைத்துப்போனபோது மாஸ்டருக்கு, ரத்த ஓட்டத்தைத் திரையில் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். கெண்டைச் சதையைப் பிழிந்துவிட்டு விடுவார்கள். ரத்தம் அரை வினாடிக்கு மேல் கீழ்நோக்கி ஓடினால் அந்த மேல்சிரையின் வால்வு கசிகிறது என்று கணக்கு. அவருடையது திரையில் நன்றாகவே ஓடியது. கட்டுப்போடுமுன் தமனி, அதாவது இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் குழாய், அதன் ஓட்டத்தையும் பார்த்தார்கள். தமனி அடைபட்ட காலை இறுக்கிக் கட்டினால் கால் அழுகிப்போகக்கூடும். சுயவைத்தியமாகத் துணியைச் சுற்றிக்கொள்பவர்கள் கவனிக்காத இடம் இது.

சிரையை லேசரில் அடைத்தாயிற்று. பிறகு மாட்ட வேண்டிய அழுத்தக் காலுறைதான் பிரச்சினை. பிரிட்டனில் கட்டுப்போடுவதையும் காலுறை மாட்டுவதையும் ஒப்பிட்டபோதே காலுறைக்காரர்களில்தான் அதிகம் பேர் பாதியில் வேறு சிகிச்சைக்கு மாறினார்கள். அங்கே குளிர், இங்கே பங்குனி வெயிலில், விறகடுப்புக்கு முன்னால். இதற்கென்று நம் வெக்கையில் ஓர் ஆய்வை யாராவது நடத்த வேண்டும்.

மாஸ்டர் இப்போது விடியற்காலை மூன்று மணிக்கு, வீக்கம் ஏறுமுன், பாயில் இருந்தபடியே காலுறையை மாட்டிக்கொள்கிறார். வெள்ளைப் பணியாரம் ஓர் ஈடு வேகும் நேரத்தில் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குகிறார். “மாஸ்டர் டான்ஸ் ஆடுகிறார்” என்று எடுபிடிப் பையன்கள் சிரிக்கிறார்கள். “மோட்டார் ஓடுகிறதடா” என்கிறார் அவர்.