தொலைக்காட்சி விழுங்கும் விளிம்புகள்

சென்ற தைப்பொங்கல் விடுமுறையில், வெள்ளவத்தையில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டில், தங்கையின் பூப்புனித நீராட்டு விழாக் காணொளியை எல்லோருமாகப் பார்க்க அமர்ந்தோம். பழைய காம்கோடர் நாடாவிலிருந்து பல இரவுகள் விழித்திருந்து கணினிக்கு மாற்றி, தொடக்கத்தில் பெயரும் கீழே நாளும் எழுதி, நானே தொகுத்த படம் அது. கணினித் திரையில் ஆராத்தித் தட்டுடன் இடது ஓரத்தில் முழுதாக நின்ற மாமி, தொலைக்காட்சியில் ஒரு கையாகவும் அரைத் தட்டாகவும் குறுகிப்போயிருந்தார். கீழே எழுதியிருந்த நாளின் எழுத்துகளில் மேற்பாதி மட்டுமே தெரிந்தது. "தம்பி, நான் அதிலை நிண்டனான் எல்லே, எங்கை போனன்?" என்று மாமி கேட்டபோது, கோப்பு பழுதாகிவிட்டது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். கோப்பில் ஒரு குறையும் இருக்கவில்லை. படத்தின் நான்கு ஓரங்களையும் தொலைக்காட்சியே வேண்டுமென்று வெட்டிக்கொண்டிருந்தது. ஓவர்ஸ்கேன் எனப்படும் இந்தப் பழக்கம், கண்ணாடிக் குழாய்த் தொலைக்காட்சிகளின் காலத்திலிருந்து தட்டைத் திரைகளுக்கு வந்து சேர்ந்த முதுசம்.

இலங்கையில் 1979-இல் சுயாதீன தொலைக்காட்சி சேவையும் 1982-இல் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கியபோது வீடுகளுக்குள் வந்தவை கதோட்டுக் கதிர்க் குழாய்ப் பெட்டிகளே. குழாயின் பின்கழுத்திலிருந்து புறப்படும் இலத்திரன் கற்றையை, கழுத்தைச் சுற்றியிருக்கும் செப்புச் சுருள்களின் காந்தப்புலம் வளைத்து, திரையின் இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் வரிவரியாக ஓட்டிச் செல்லும். நம் நாட்டில் பயன்பட்ட பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் ஒரு சட்டத்துக்கு, அதாவது ஒரு முழுப் படத்துக்கு, 625 வரிகள். அவற்றுள் படத்தைச் சுமப்பவை 576. ஒரு வரிக்கு 64 மைக்ரோசெக்கன் ஒதுக்கப்பட்டிருந்தாலும் படம் இருப்பது 52 மைக்ரோசெக்கனில் மட்டும்தான். மீதி நேரம் கற்றை மறுபடி இடப்பக்கம் திரும்பி வருவதற்கானது.

இவ்வாறு வரையப்படும் படத்தின் அளவு நிலையானதன்று. வண்ணக் குழாயில் கற்றையை முடுக்குவதற்கு ஏறக்குறைய 25,000 வோல்ட் தேவைப்படும். அந்த மின்னழுத்தம் குறைந்தால் இலத்திரன்கள் மெதுவாகச் செல்லும்; மெதுவாகச் செல்பவற்றைக் காந்தப்புலம் கூடுதலாக வளைக்கும்; படம் வீங்கிவிடும். வளைவு, மின்னழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், மின்னழுத்தம் 10 விழுக்காடு விழுந்தால் படம் ஏறக்குறைய 5 விழுக்காடு பெருக்கும். திரை முழுவதும் வெள்ளையாகும் காட்சியில் கற்றையின் மின்னோட்டம் கூடி, மின்னழுத்தம் சற்றே இறங்கும். இரவுக் காட்சி முடிந்து பகற்காட்சி வரும்போது படம் ஒருமுறை மூச்சு விடுவதுபோல் விரிந்து அடங்கியதைப் பழைய பெட்டி வைத்திருந்தவர்கள் பார்த்திருப்பார்கள். பெட்டி சூடாவது, உள்ளிருக்கும் கொள்ளளவிகள் முதுமையடைவது, மாலையில் ஊரெல்லாம் விளக்குப் போடும்போது மின்சாரம் தளர்வது என்று படத்தைச் சுருக்கவும் நகர்த்தவும் வேறு காரணங்களும் இருந்தன. படம் திரைக்குச் சரியாகப் பொருந்தும்படி தொழிற்சாலையில் அமைத்து அனுப்பினால், சில ஆண்டுகளில் ஓரத்தில் கறுப்பு இடைவெளி தலைகாட்டும். வாங்கியவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருவார். ஆகவே படத்தைத் திரையைவிடச் சற்றுப் பெரிதாக வரைந்து, மிஞ்சியதைச் சட்டகத்தின் பின்னால் மறைத்துவிடுவது என்று தயாரிப்பாளர்கள் வழக்கப்படுத்திக்கொண்டார்கள்.

ஒளிபரப்பாளர்களும் இதற்கேற்ப நடந்துகொண்டார்கள். முக்கியமான அசைவு எதுவும் படத்தின் நடுப்பகுதியான 90 விழுக்காட்டுக்கு வெளியே போகக்கூடாது, எழுத்துகள் 80 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது நெடுங்காலம் இருந்த விதி. தொழில்முறைக் கமராக்களின் பார்வைத்துளையில் இந்த எல்லைகள் கோடுகளாகவே வரையப்பட்டிருக்கும். கலியாண வீட்டில் காம்கோடரைத் தூக்கிக்கொண்டு ஓடிய நமக்கு அந்தக் கோடுகளைப் பற்றி எவரும் சொல்லித்தரவில்லை. பந்தலுக்குள் நின்ற அத்தனை உறவினரையும் ஒரே சட்டத்துக்குள் அடக்குவதுதான் அன்றைய கவலை.

தட்டைத் திரையில் இலத்திரன் கற்றையும் இல்லை, வீங்குகிற படமும் இல்லை. 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் கொண்ட படம், அதே எண்ணிக்கைப் புள்ளிகள் கொண்ட திரையில் ஒன்றுக்கு ஒன்றாக உட்கார முடியும். இருந்தும் பல தொலைக்காட்சிகள் பெட்டியிலிருந்து எடுத்தவுடனே ஓவர்ஸ்கேன் இயங்கும் நிலையில் இருப்பதற்கு ஒரு நியாயம் உண்டு. சட்டகத்தின் பின்னால் ஒளிந்திருக்கும் என்ற நம்பிக்கையில், படத்தின் ஓரங்கள் பல பத்தாண்டுகளாகக் குப்பை கொட்டும் இடமாக இருந்தன. விஎச்எஸ் நாடாவைச் சுழல்தலைகள் மாறி மாறிப் படிக்கும்போது, ஒரு தலை விட்டு மறுதலை தொடரும் இடத்தில் படத்தின் அடியில் சில வரிகள் கிழிந்து துடிக்கும். டிஜிட்டல் நாடாவின் 720 புள்ளி அகலத்திலும் முழுப் படம் இல்லை; செக்கனுக்கு 135 இலட்சம் மாதிரிகள் வீதம் 52 மைக்ரோசெக்கனுக்குக் கணக்கிட்டால் கிடைப்பது 702 புள்ளிகளே. எஞ்சிய 18 புள்ளிகள் இருபுறமும் கறுப்பாகவோ மங்கலாகவோ கிடக்கும். இவற்றையெல்லாம் பெரிய திரையில் அப்படியே காட்டினால், தொலைக்காட்சி பழுது என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். பழைய ஒளிபரப்புக்கு உதவிய அந்த வெட்டு, எச்டிஎம்ஐ வடம் வழியாக வரும் சுத்தமான படத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு செய்யப்படுவதுதான் என் குறை.

வெட்டினால் ஓரம் மட்டும் போவதில்லை என்பதையும் பார்க்கவேண்டும். ஒவ்வொரு பக்கமும் 2.5 விழுக்காடு வெட்டப்பட்டால் இடமும் வலமும் 48 புள்ளிகளும், மேலும் கீழும் 27 புள்ளிகளும் போய், 1824-க்கு 1026 என்ற சிறிய படம் எஞ்சும். அதை மறுபடி 1920-க்கு 1080 ஆக இழுத்து நிரப்பவேண்டும். 1824 புள்ளிகளை 1920 இடங்களில் பரப்பும்போது பெரும்பாலான இடங்களுக்கு முழுப் புள்ளி கிடைக்காது. அயலிலுள்ள இரண்டு புள்ளிகளைக் கலந்து ஒன்றாக்கியே இடுவார்கள். ஒரு புள்ளி கறுப்பு, ஒரு புள்ளி வெள்ளை என மாறி மாறி நிற்கும் மெல்லிய நெடுங்கோடுகளைக் கொண்ட படத்தை மடிக்கணினியிலிருந்து அனுப்பிப் பாருங்கள். ஓவர்ஸ்கேன் இல்லையென்றால் கோடுகள் சீராக இருக்கும். இருந்தால், ஒவ்வொரு 20 புள்ளிக்கும் ஒருமுறை கறுப்பும் வெள்ளையும் கலந்து சாம்பலாகி, திரை முழுவதும் 96 சாம்பற் பட்டைகள் எழும். எங்கள் வீட்டில் அவை எழுந்தன. தேங்காய்ப்பூத் துவாலையின் கரைபோல இருந்தது.

எவ்வளவு வெட்டப்படுகிறது என்பதை அளப்பதற்கு வேறொரு படம் செய்தேன். 1920-க்கு 1080 அளவான வெற்றுப் படத்தில், விளிம்பிலிருந்து 1 விழுக்காடு உள்ளே, அதாவது பக்கவாட்டில் 19 புள்ளியும் மேலே 11 புள்ளியும் தள்ளி, முதல் சட்டம். பின் 2, 3 என 5 வரை ஒன்றுக்குள் ஒன்றாகச் சட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், அருகில் அதன் இலக்கம். மடிக்கணினியிலிருந்து எச்டிஎம்ஐ வழியாக அனுப்பியபோது 1-உம் 2-உம் காணாமற்போய், 3-ஆம் சட்டம் திரையின் ஓரத்தை உரசிக்கொண்டு நின்றது. அதே படத்தைப் பென் டிரைவில் போட்டுத் தொலைக்காட்சியின் சொந்த இயக்கியில் திறந்தால் ஐந்தும் தெரிந்தன. ஒரே பெட்டி, வழி மாறியதும் வேறுவிதமாக நடந்துகொள்கிறது. பென் டிரைவில் இருப்பது கோப்பு என்று அதற்குத் தெரியும். வடத்தில் வருவதை ஒளிபரப்பு என்று அது எண்ணிக்கொள்கிறது. படத்துடன் சேர்த்து, "இதை வெட்டாதே" என்று சொல்லும் ஒரு சிறு குறிப்பையும் எச்டிஎம்ஐ வடத்தில் அனுப்ப முடியும். ஆனால் எல்லாக் கருவிகளும் அதை அனுப்புவதில்லை, எல்லாத் தொலைக்காட்சிகளும் அதை மதிப்பதுமில்லை.

ஓவர்ஸ்கேனுடன் மயங்கக்கூடிய வேறொரு வெட்டும் உண்டு. பழைய காணொளிகள் 4-க்கு 3 என்ற வடிவில் இருப்பவை. அவற்றை 16-க்கு 9 திரையில் ஸூம் நிலையில் நிரப்பினால் மேலும் கீழுமாகப் படத்தின் கால்வாசி போய்விடும். தலையும் பாதமும் போய், பக்கவாட்டில் எதுவும் போகாது. நான்கு பக்கமும் ஏறக்குறைய சம அளவில் குறைந்திருந்தால் மட்டுமே நாம் பேசும் நோய்.

மருந்து பெரும்பாலும் ரிமோட்டிலேயே இருக்கிறது; அது வைக்கப்பட்டிருக்கும் பெயர்தான் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. படத்தின் அளவு அல்லது வடிவ விகிதம் என்ற பட்டியலுக்குள் எல்ஜி பெட்டிகளில் "ஜஸ்ட் ஸ்கேன்" என்றும், சாம்சங்கில் "ஸ்கிரீன் ஃபிட்" என்றும், சோனியில் "ஃபுல் பிக்சல்" என்றும், ஷார்ப்பில் "டாட் பை டாட்" என்றும், பிலிப்ஸில் "அன்ஸ்கேல்ட்" என்றும் இருக்கும். சொல்லப்படுவது எல்லாவற்றிலும் ஒன்றே: வந்த படத்தை வந்தபடியே காட்டு. பல பெட்டிகள் இந்தத் தெரிவை ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் தனித்தனியாக நினைவில் வைப்பதால், எச்டிஎம்ஐ ஒன்றில் மாற்றிவிட்டு இரண்டில் வடத்தைச் செருகினால் பழைய கதை திரும்பும். சில பெட்டிகளில் உள்ளீட்டின் பெயரைக் கணினி என்று மாற்றினாலே வெட்டு நின்றுவிடுகிறது.

சிக்கல் டிவிடி இயக்கியில் வருகிறது. சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வடங்களில் வரும் 576 வரிப் படத்துக்குப் பெரும்பாலான பெட்டிகள் மேற்சொன்ன தெரிவை மங்கலாக்கி, தொட விடாமல் வைத்திருக்கும். உயர் தெளிவுப் படத்துக்கு மட்டுமே அந்தச் சலுகை. இயக்கியில் எச்டிஎம்ஐ துளை இருந்தால் பம்பலப்பிட்டியில் ஒரு வடம் வாங்கிச் செருகி, இயக்கியின் பட்டியலில் வெளியீட்டை 1080 ஆக்கிவிடுங்கள். படத்தை இயக்கியே பெரிதாக்கி அனுப்பும், தொலைக்காட்சியும் வெட்டாத நிலையைத் திறந்துவிடும். மடிக்கணினியின் வரைகலைப் பட்டியலில் படத்தைச் சுருக்கும் ஒரு நகர்த்தியும் காணப்படும். அதைத் தொடவேண்டாம் என்பேன். கணினி ஒருமுறை சுருக்க, தொலைக்காட்சி மறுமுறை இழுக்க, ஓரம் கிடைத்தாலும் படம் இருமுறை மங்கும்.

இனி, மாற்றவே முடியாத பெட்டிகள். கொட்டாஞ்சேனையில் பெரியம்மா வீட்டில் குழாய்த் தொலைக்காட்சி இன்னும் ஓடுகிறது. அவர் அதை மாற்றப்போவதில்லை. அவருக்கென்று ஒரு தனி டிவிடி செய்தேன். 720-க்கு 576 படத்தை 656-க்கு 524 ஆகச் சுருக்கி, இருபுறமும் 32 புள்ளியும் மேலும் கீழும் 26 புள்ளியும் கறுப்புக் கரை வைத்தால், மூலப் படம் நடுப்பகுதியின் 91 விழுக்காட்டில் அடங்கிவிடும். குழாய் விழுங்குவது கறுப்பை மட்டுமே. எஃப்எஃப்எம்பெக் போன்ற இலவசக் கருவியிலும் வீட்டிலுள்ள எந்தத் தொகுப்பு மென்பொருளிலும் இதைச் செய்யலாம்.

இதில் நான் ஒருமுறை வழுக்கி விழுந்த இடத்தைச் சொல்லவேண்டும். நாடாப் படத்தின் 576 வரிகள் ஒரே கணத்தில் எடுக்கப்பட்டவை அல்ல. ஒற்றை வரிகள் 288 ஒரு கணத்திலும், இரட்டை வரிகள் 288 செக்கனின் ஐம்பதில் ஒரு பங்கு கழித்தும் பதிவானவை. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் செங்குத்தாகச் சுருக்கினால் இரு கணங்களின் வரிகளும் ஒன்றோடொன்று கலந்துவிடும். என் முதற்பிரதியில் ஆராத்தி சுற்றிய மாமியின் கை, சீப்பின் பற்களைப்போல் வரிவரியாகப் பிரிந்து, சுடருக்கு அருகில் இன்னொரு மங்கலான சுடரும் எரிந்தது. இரண்டு வழிகள் உண்டு. ஒற்றை வரிகளாலோ இரட்டை வரிகளாலோ மட்டும் ஆன ஒவ்வொரு அரைச்சட்டத்தையும் தனித்தனியே 288 வரியிலிருந்து 262 வரியாகச் சுருக்கும்படி மென்பொருளுக்குச் சொல்லலாம். இல்லையேல் அரைச்சட்டங்களைச் செக்கனுக்கு 50 முழுச் சட்டங்களாக விரித்துவிட்டுப் பின் சுருக்கலாம். குழாய்த் தொலைக்காட்சிக்கான டிவிடி என்றால் முதல் வழியே பொருத்தம், ஏனெனில் அந்தப் பெட்டி அரைச்சட்டங்களையே எதிர்பார்த்திருக்கிறது.

கறுப்புக் கரை வைத்த பிரதியை மூலக் கோப்பின் இடத்தில் வைத்துவிடக்கூடாது. சுருக்கும்போது இழந்த புள்ளிகள் திரும்ப வரா. வெட்டாத திரையில் அதைப் போட்டால் படத்தைச் சுற்றிக் கறுப்புச் சட்டம் நிற்கும். எழுத்துகளை மட்டும் மூலத்திலேயே திருத்தினேன். பழைய விதிப்படி 720-க்கு 576 படத்தில் எழுத்து பக்கவாட்டில் 72 புள்ளியும் மேல்கீழாக 58 புள்ளியும் உள்ளே நிற்கவேண்டும். புதிய உயர் தெளிவுப் படங்களுக்கு ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் ஒவ்வொரு பக்கமும் 5 விழுக்காடு போதும் என்கிறது. அது 96-உம் 54-உம் ஆகும். நாள் எழுதிய வரியை மேலே ஏற்றியதில் அது தங்கையின் பாவாடைக் கரைமேல் விழுந்தது. கரை சரிகை என்பதால் வெள்ளை எழுத்து தெரியவில்லை. பின்னால் மெல்லிய நிழல் ஒன்றைச் சேர்க்கவேண்டியதாயிற்று.

கொட்டாஞ்சேனைக்கு டிவிடியைக் கொண்டுபோய்ப் போட்டபோது மாமி இடது ஓரத்தில் தட்டுடன் முழுதாக நின்றார். வலது ஓரத்தில் மட்டும் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தது. பெரியம்மாவின் குழாய் வயதாகி, படம் சற்று இடப்புறம் நகர்ந்திருக்கிறது.