எலெக்ட்ரிக் காருக்குச் சலுகை உண்டா? டர்பனிலிருந்து ஒரு கணக்கு

"எலெக்ட்ரிக் கார் எடுத்தா அரசாங்கம் எவ்வளவு குடுக்கும்?" வருமான வரிக் கணக்கு கொடுக்க வருபவர்கள் எழுந்து போகும் நேரத்தில் இப்போது அதிகம் கேட்பது இதைத்தான். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ்க் குடும்பங்களுக்கும் சிறு கடைகளுக்கும் கணக்கு எழுதுவது என் தொழில். சாட்ஸ்வர்த்தில் தலைமுறைகளாக இருப்பவர்களும் கேட்கிறார்கள், உம்லாங்காவுக்கு வேலை ஒப்பந்தத்தில் வந்த சென்னை, கோயம்புத்தூர்ப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். லண்டனில் இருக்கும் மைத்துனர் 3,750 பவுண்டு வரை கிடைக்கும் தள்ளுபடியைப் பற்றிச் சொல்லியிருப்பார். ஊரில் தம்பி 5 சதவீத ஜிஎஸ்டியில் கார் எடுத்திருப்பார். நமக்கும் ஏதாவது இருக்கும் என்று நினைப்பது நியாயம்தான்.

ஆனால் தென்னாப்பிரிக்காவில் தனிநபர் எலெக்ட்ரிக் கார் வாங்க அரசு மானியம் எதுவும் தருவதில்லை. வரி இன்னும் எதிர்ப்பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து வரும் பெட்ரோல் காருக்கு இறக்குமதித் தீர்வை 18 சதவீதம், அதே ஐரோப்பாவிலிருந்து வரும் எலெக்ட்ரிக் காருக்கு 25 சதவீதம். அதன்மேல் விலை ஏற ஏற விகிதமும் ஏறி 30 சதவீதம் வரை போகக்கூடிய ஆடம்பர வரி. எல்லாவற்றையும் கூட்டி அதன்மேல் 15 சதவீதம் வாட், அதாவது மதிப்புக் கூட்டு வரி. பேட்டரியால் விலை கூடிய கார் என்பதால் இந்த அடுக்கு வரியில் அடி பலமாக விழுகிறது. எலெக்ட்ரிக் காருக்குச் சாதகமாக ஒன்றே ஒன்றுதான் உண்டு. புதுக் கார்களில் கிலோமீட்டருக்கு 95 கிராமுக்கு மேல் வரும் ஒவ்வொரு கிராம் கார்பன் புகைக்கும் வரி போடுகிறார்கள் (2024 ஏப்ரலில் வந்த விகிதப்படி 146 ரேண்ட்), அது எலெக்ட்ரிக் காருக்கு இல்லை. 150 கிராம் புகை விடும் பெட்ரோல் காருக்கு அந்த விகிதத்தில் வரி 8,030 ரேண்ட். கார் விலையோடு ஒப்பிட்டால் சிறிய தொகை.

அப்படியானால் "150 சதவீத வரிச் சலுகை" என்று செய்தியில் வந்தது என்ன? 2024 பட்ஜெட்டில் அறிவித்தது அது. 2026 மார்ச் 1 முதல், இந்த நாட்டில் எலெக்ட்ரிக் வண்டியும் ஹைட்ரஜன் வண்டியும் தயாரிக்கும் நிறுவனங்கள் தொழிற்சாலையில் போடும் முதலீட்டுக்கான வரிக் கழிவு. வாங்குபவர் கைக்கு அதிலிருந்து நேராக ஒரு காசும் வராது. இதை நம்பி, "மார்ச்சுக்கு அப்புறம் எடுத்துக்கிறேன்" என்று காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் பழைய காரின் கியர்பாக்ஸுக்குப் பெரிய செலவு செய்துகொண்டு காத்திருந்தார்கள். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

அரசு தராத இடத்தில் ஷோரூம் தருகிறது. "ஸ்பெஷல் இன்சென்டிவ்", "குறைந்த தவணை", "டெபாசிட் வேண்டாம்" என்று பேனர் தொங்கும். அவற்றில் உண்மையான தள்ளுபடியும் இருக்கலாம். ஆனால் என் மேஜைக்கு வரும் கொட்டேஷன்களில் தவணை குறைந்து தெரிவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: பலூன். கடனின் ஒரு பகுதியை மாதத் தவணையில் சேர்க்காமல் கடைசி நாளுக்குத் தள்ளி வைப்பது. சிலர் இதை ரெசிடுவல் என்று எழுதுவார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 5 லட்சம் ரேண்ட் கடன், 72 மாதம், வட்டி 11 சதவீதம். பலூன் இல்லாமல் மாதத் தவணை சுமார் 9,517 ரேண்ட். 30 சதவீத பலூன், அதாவது 1,50,000 ரேண்டைக் கடைசிக்குத் தள்ளினால் தவணை 8,037. மாதம் 1,480 ரேண்ட் மிச்சம், கேட்க நன்றாக இருக்கிறது. ஆறு வருஷம் கழித்துக் கூட்டுங்கள். பலூன் இல்லாமல் கட்டியது மொத்தம் 6,85,224. பலூனோடு கட்டியது 5,78,664, அதோடு கடைசி நாளில் 1,50,000, ஆக 7,28,664. சலுகை என்று நினைத்தது 43,440 ரேண்ட் கூடுதல் செலவு. இதில் வங்கியின் தொடக்கக் கட்டணமும் மாதச் சேவைக் கட்டணமும் சேரவில்லை.

பலூன் எல்லா காருக்கும் உள்ளதுதான், எலெக்ட்ரிக் காருக்கு மட்டும் ஏன் பயப்பட வேண்டும்? கடைசி நாளில் அந்த 1,50,000 எங்கிருந்து வரும் என்பதுதான் பிரச்சினை. பெரும்பாலோர் காரை விற்று அடைக்கலாம் என்று நினைக்கிறார்கள். ஆறு வயதான பெட்ரோல் கார் என்ன விலை போகும் என்பதை இந்த ஊரில் யாரும் சொல்லிவிடுவார்கள். எலெக்ட்ரிக் காருக்கு இங்கே பழைய கார் சந்தை இப்போதுதான் உருவாகிறது. போதாக்குறைக்கு, புதுக் கார் விலையும் வேகமாக இறங்குகிறது. 2025 செப்டம்பரில் பிஒய்டி டால்ஃபின் சர்ஃப் 3,39,900 ரேண்டுக்கு வந்தது. புதுசு அந்த விலைக்குக் கிடைக்கும்போது, அதற்கு முன்னால் அதிக விலை கொடுத்து வாங்கிய சின்ன எலெக்ட்ரிக் காரைப் பழசாக விற்பவர் என்ன கேட்க முடியும்? பேட்டரி உத்தரவாதம் பல நிறுவனங்களில் எட்டு வருஷம். ஆறாம் வருஷம் விற்றால், வாங்குபவர் கையில் மிஞ்சுவது இரண்டே வருஷ உத்தரவாதம். அதையும் கணக்கில் வைத்துத்தான் அவர் விலை கேட்பார்.

இதற்குப் பதிலாக, "மூன்று நான்கு வருஷம் கழித்து இந்த விலைக்கு நாங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறோம்" என்று எழுதித் தரும் திட்டங்களும் உண்டு. எலெக்ட்ரிக் காருக்கு இந்த வகையை நான் பலூனைவிட மேலாக நினைக்கிறேன், ஏனென்றால் விலை சரிந்தால் இழப்பு உங்கள் தலையில் விழாது. ஆனால் கிலோமீட்டர் வரம்பைப் படியுங்கள். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் தினம் போய் வருபவருக்கு வருஷம் 15,000 கிலோமீட்டர் என்ற வரம்பு ஐந்தே மாதத்தில் தீர்ந்துவிடும். கீறல், டயர், சர்வீஸ் புத்தகம் பற்றிய நிபந்தனைகள் தனி.

அடுத்தது கம்பெனி கார். பலர் கவனிக்காத இடம் இது, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். கம்பெனி சொந்தமாக வாங்கித் தரும் காருக்கு, அதன் விலையில் மாதம் 3.5 சதவீதத்தை உங்கள் வருமானமாகச் சேர்த்து வரி போடுகிறார்கள். வாங்கும்போதே பராமரிப்புத் திட்டம் சேர்ந்திருந்தால் 3.25 சதவீதம். பெட்ரோலா மின்சாரமா என்று சட்டம் பார்ப்பதில்லை, விலையை மட்டுமே பார்க்கிறது. பராமரிப்புத் திட்டத்தோடு வரும் 4,50,000 ரேண்ட் பெட்ரோல் காருக்கு மாதம் 14,625 ரேண்ட் வருமானமாகச் சேரும். அதே மாதிரி 7 லட்சம் ரேண்ட் எலெக்ட்ரிக் காருக்கு 22,750. நீங்கள் 36 சதவீத வரி அடுக்கில் இருந்தால் முதலாவதற்கு வரி 5,265, இரண்டாவதற்கு 8,190. மாதம் 2,925 ரேண்ட் கூடுதலாகப் போகிறது. பெட்ரோல் செலவு மிச்சமாவது யாருக்கு? பெட்ரோல் கார்டு கம்பெனியுடையது என்றால், கம்பெனிக்கு. இதில் நீங்கள் வீட்டில் சொந்த மின்கட்டணத்தில் சார்ஜ் வேறு போட்டால், வரியும் உங்களுடையது, எரிபொருளும் உங்களுடையது.

போன வரிக் காலத்தில் கம்பெனி கார் வைத்திருக்கும் ஒரு தம்பி பே ஸ்லிப்பைக் கொண்டுவந்து, "மாதாமாதம் பிடிச்சாங்களே, அப்புறம் எதுக்கு இவ்வளவு கட்டச் சொல்றாங்க?" என்று கேட்டார். சம்பளத்தில் வரி பிடிக்கும்போது, காருக்காக வருமானத்தில் சேர்த்த தொகையில் 80 சதவீதத்துக்குத்தான் பிடிக்கிறார்கள். மீதி 20 சதவீதம் வருஷக் கடைசி மதிப்பீட்டில் வந்து விழும். மேலே சொன்ன 7 லட்சம் ரேண்ட் காரில் அது வருஷத்துக்கு 54,600 ரேண்ட் வருமானம், 36 சதவீதத்தில் 19,656 ரேண்ட் வரி. அலுவல் பயணத்தை லாக்புக்கில் ஒழுங்காக எழுதியிருந்தால் இதில் குறைத்துக் கேட்கலாம். அந்தத் தம்பியிடம் லாக்புக் இல்லை. நினைவிலிருந்து எழுதித் தருகிறேன் என்றார். அப்படிச் செய்யவே கூடாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். வரி வருஷம் தொடங்கும் மார்ச் முதல் நாள் காலையில் காரின் கிலோமீட்டர் மீட்டர் என்ன காட்டியது என்பதிலிருந்து லாக்புக் தொடங்க வேண்டும். தேதி, எங்கே போனீர்கள், எதற்கு, எத்தனை கிலோமீட்டர், இவ்வளவும் வேண்டும். வீட்டிலிருந்து ஆபீஸ் போவது சொந்தப் பயணம்தான், அலுவல் பயணம் ஆகாது.

கம்பெனி காரை வாங்காமல் ஆபரேட்டிங் லீஸில், அதாவது வாடகைக்கு, எடுத்துத் தந்தால் கணக்கு மாறும். அப்போது காரின் விலையைப் பார்க்க மாட்டார்கள். கம்பெனி உண்மையில் கட்டும் வாடகையும் எரிபொருள் செலவும்தான் அடிப்படை. பராமரிப்பும் வண்டி அழிந்துபோகும் அபாயமும் வாடகைக்குத் தருபவருடையதாக இருக்க வேண்டும் என்று கறாரான நிபந்தனைகள் உண்டு, பெயருக்கு லீஸ் என்று எழுதினால் போதாது. விலை கூடிய, எரிபொருள் செலவு குறைந்த காருக்கு இந்த வழி சில சமயம் நல்ல வித்தியாசம் தரும். கார் ஆர்டர் போடுவதற்கு முன்பே சம்பளப் பிரிவில் கேளுங்கள், கார் வந்த பிறகு மாற்றுவது கடினம். வீட்டில் போடும் சார்ஜுக்குப் பணம் திருப்பித் தருவார்களா, எப்படி அளப்பார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது, அதை அவர்களே சரியாக அறிந்திருப்பதில்லை. டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் மசாலா மொத்த வியாபாரம் செய்யும் ஒரு அக்கா, எலெக்ட்ரிக் கார் எடுத்தால் கடைக் கணக்கில் வாட்டைத் திரும்பப் பெறலாமா என்று கேட்டார். ஆட்களை ஏற்றிச் செல்லும் கார் என்றால் முடியாது, மின்சாரமானாலும் சரி, கடை வேலைக்கே ஓட்டினாலும் சரி. இரண்டு வரிசை இருக்கை உள்ள பிக்அப் வண்டியும் (டபுள் கேப் பக்கி) கார் கணக்குத்தான். ஆனால் சரக்கு ஏற்றும் டெலிவரி வேன் அந்தத் தடைக்குள் வராது. கடைக்கு வாட் பதிவு இருந்து, கடை வேலைக்கே ஓடினால், 5,75,000 ரேண்ட் வேனில் 75,000 ரேண்டைத் திரும்பக் கேட்கலாம். நாள் முழுக்க ஊருக்குள் ஓடி ராத்திரி கடை வாசலில் நிற்கும் வண்டிக்கு எலெக்ட்ரிக் பொருத்தமாகவும் இருக்கும். கடைக் கூரையில் ஒரு மெகாவாட்டுக்குள் சோலார் பேனல் போட்டால் அந்தச் செலவு முழுவதையும் முதல் வருஷமே தொழில் வருமானத்தில் கழிக்கலாம். வீடுகளுக்குப் பேனல் விலையில் 25 சதவீதம், அதிகபட்சம் 15,000 ரேண்ட் என்று கொடுத்த சலுகை 2024 பிப்ரவரியோடு முடிந்துவிட்டது. அது இன்னும் இருப்பதாகச் சொல்லி யாராவது பேனல் விற்க வந்தால் நம்பாதீர்கள்.

ஓட்டும் செலவுக்கு வருவோம். வருஷம் 15,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், நூறு கிலோமீட்டருக்கு 6.5 லிட்டர் குடிக்கும் கார், லிட்டர் 21 ரேண்ட் விலையில் 20,475 ரேண்டுக்குப் பெட்ரோல் குடிக்கும். எலெக்ட்ரிக் காருக்கு சார்ஜ் இழப்பும் சேர்த்து சுமார் 2,500 யூனிட். வீட்டில் யூனிட் 3.50 ரேண்ட் என்றால் 8,750. வெளியே ஃபாஸ்ட் சார்ஜரில் யூனிட் 7.50 ரேண்ட் என்றால் 18,750. வீட்டில் சார்ஜ் செய்ய வசதி உள்ளவருக்கு வருஷம் கிட்டத்தட்ட 12,000 ரேண்ட் மிச்சம், இல்லாதவருக்கு இரண்டாயிரம்கூட இல்லை. எண்களை உங்கள் மின்கட்டண ரசீதைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். வருடாந்தர லைசன்ஸ் கட்டணம் வண்டியின் எடையை வைத்து வருவதால், பேட்டரி எடை அங்கேயும் கொஞ்சம் கூட்டும்.

கொட்டேஷனைப் பற்றி முக்கியமான ஒன்று. தேசியக் கடன் சட்டப்படி, கடன் தருபவர் கையெழுத்துக்கு முன்பே முழுக் கொட்டேஷனை எழுத்தில் தர வேண்டும், அது ஐந்து வேலை நாட்களுக்கு அவரைக் கட்டுப்படுத்தும். "இன்னிக்கு மட்டும்தான் இந்த ரேட்" என்று அவசரப்படுத்தினால், கொட்டேஷனை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். அதில் பலூன் தொகை, மொத்தம் கட்ட வேண்டியது, கடனோடு சேர்த்து விட்ட காப்பீடுகள், இந்த மூன்றையும் பென்சிலால் வட்டம் போடுங்கள். 2,50,000 ரேண்டுக்கு மேற்பட்ட கடனை முன்கூட்டி அடைத்தால் மூன்று மாத வட்டிவரை கட்டணம் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. கட்ட முடியாமல் காரைத் திருப்பிக் கொடுத்தாலும், விற்ற விலை போக மீதிக் கடன் உங்கள் பெயரில்தான் நிற்கும். பலூன் போட்டவர்கள் விபத்துக் காப்பீட்டோடு, காப்பீட்டுத் தொகைக்கும் கடன் பாக்கிக்கும் உள்ள இடைவெளியை அடைக்கும் ஷார்ட்ஃபால் கவரும் எடுக்க வேண்டும். முதல் சில வருஷங்களில் கார் அடிபட்டு ஒழிந்தால், காப்பீடு தருவது அன்றைய சந்தை விலை, வங்கிக்கு நீங்கள் தர வேண்டியது அதைவிட அதிகமாக இருக்கும்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் காருக்குக் கையெழுத்துப் போடும் முன் பாடி கார்ப்பரேட் (குடியிருப்பு உரிமையாளர் சங்கம்) அறங்காவலர்களிடம் சார்ஜர் பொருத்த எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கிவிடுங்கள். எந்த மீட்டரில் இணைப்பார்கள், யார் பில் கட்டுவது என்பதும் அந்தக் கடிதத்திலேயே இருக்கட்டும். தனி வீடானாலும் பதிவு பெற்ற எலெக்ட்ரீஷியனை வைத்தே சார்ஜரைப் போட்டு, அவர் தரும் மின் சான்றிதழைக் காப்பீட்டுத் தாள்களோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.