திராஷா: தேடிச் சொல்லும் உரை

சனிக்கிழமை காலையில் யூதர்களின் தொழுகைக்கூடத்தில், மோசேயின் ஐந்து நூல்கள் அடங்கிய தோராச் சுருளை விரித்து, அந்த வாரத்துக்கு உரிய பகுதியை வாசிப்பார்கள். அந்தப் பகுதிக்குப் பராஷா என்று பெயர். பிரிவு என்று பொருள். அந்த ஐந்து நூல்களும் 54 பராஷாக்களாக ஓராண்டில் வாசித்து முடிக்கப்படும். முடிந்த அன்றே ஆதியாகமத்தின் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கிவிடுவார்கள்.

வாசித்த பகுதி இன்றைக்கு நம் வீட்டுக்கும் கடைக்கும் தெருவுக்கும் என்ன சொல்கிறது என்று பேசுவதுதான் திராஷா. யூத சமய ஆசிரியரான ரபி கூடத்தில் பேசுவார். 13 வயதில் பார் மிட்ஸ்வா என்னும் சமயப் பொறுப்பேற்பு காணும் சிறுவனும் தன் வாரத்துப் பராஷாவை எடுத்துப் பேசுவான். ஓய்வுநாள் சாப்பாட்டு மேசையில் சுருக்கமாகச் சொன்னால் அதற்குத் த்வார் தோரா, அதாவது 'தோராவின் சொல்', என்று பெயர்.

தமிழில் இதைப் பிரசங்கம் என்று எழுதிவிடுகிறோம். எனக்கு அது ஒப்பவில்லை. பிரசங்கம் என்றதும் பேசுகிறவர்தான் கண்முன் வருகிறார். எபிரேயச் சொல்லில் இருப்பதோ தேடுகிறவர்.

இதன் வேர் த-ர-ஷ். பழைய தமிழ் விவிலியம் இதே வேரை இடத்துக்கு இடம் வெவ்வேறாகப் பெயர்த்திருக்கிறது. வயிற்றில் பிள்ளைகள் மோதிக்கொள்ள, ஈசாக்கின் மனைவி ரெபெக்காள் கர்த்தரிடத்தில் 'விசாரிக்க'ப் போகிறாள். வேத அறிஞன் எஸ்றா வேதத்தை 'ஆராய'த் தன் இருதயத்தைப் பக்குவப்படுத்துகிறான். மோசேயின் ஐந்தாம் நூலான உபாகமம் 22-ஆம் அதிகாரத்தில் வழிதவறிய மாட்டைக் கண்டவன், உரியவன் அதைத் 'தேடி' வரும்வரை தன்னிடம் வைத்திருக்கிறான்.

அந்த மாட்டுக் கதையை விட்டுவிட மனம் வரவில்லை. 'கி தேத்சே' என்னும் பராஷாவில் வருவது அது. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னா, 'உன் சகோதரன் தேடும்வரை' என்ற தொடரை இன்னொரு விதமாகத் திருப்பிப் படிக்கிறது: 'உன் சகோதரனை நீ விசாரிக்கும்வரை'. அவன் ஏமாற்றுக்காரனா இல்லையா என்று பார். அடையாளம் சொல்லாதவனுக்குக் கொடுக்காதே. ஏமாற்றுக்காரன் என்றால் அடையாளம் சொன்னாலும் கொடுக்காதே. பேருந்தில் கிடந்த பணப்பையை எடுத்து வைத்திருப்பவருக்கு இதைவிடத் தெளிவான வழி வேண்டுமா? தேடு என்ற சொல்லையே தேடிப் பார்த்து ஒரு நடைமுறையைக் கண்டெடுத்திருக்கிறார்கள். திராஷாவுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இதே வேரில் பிறந்ததுதான் மித்ராஷ். வேத விளக்க நூல்களுக்கு அந்தப் பெயர். படிக்கும் கூடம் பெத் மித்ராஷ். நாம் நன்கு அறிந்த மதரசாவும் இதற்கு உறவுதான், அரபியின் த-ர-ஸ் வேர் வழியாக.

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? ஆய்வுரை என்றால் பல்கலைக்கழக வாடை வந்துவிடுகிறது. விசாரணையைக் காவல் நிலையம் எடுத்துக்கொண்டுவிட்டது. அறவுரை என்பதில் விடை முதலிலேயே கையில் இருக்கிறது; தேடுவதற்கு ஒன்றும் இல்லை. நான் தேடுரை என்பேன். தேடிய உரை, தேடும் உரை, இனித் தேடப்போகும் உரை என்று மூன்று காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை. ஆண்டுதோறும் அதே 54 பகுதிகளுக்குத் திரும்பி வருகிறவர்களின் சொல்லுக்கு அது பொருத்தமாக இருக்கிறது.

பயன்படுத்தும் விதம்: 'இந்த வாரப் பராஷாவுக்கு அக்கா சொன்ன தேடுரை, தொலைந்த மாட்டைப் பற்றியது.'