இன்னோவேஷன் கண்டுபிடிப்பு அல்ல, புத்தாக்கம்

பாளையங்கோட்டைப் பக்கம் கல்லூரி விழா அழைப்பிதழ் எதை எடுத்தாலும், இன்னோவேஷன் என்பதற்குக் ‘கண்டுபிடிப்பு’ என்றே அச்சடிக்கிறார்கள். மேடையிலும் அதே பேச்சு. விழாவில் பொறுத்துக்கொள்ளலாம். மனிதனின் படைப்பாற்றலைக் கணிதத்தில் வடிக்கும் ஆய்வுகளைத் தமிழில் எழுதும்போதும் அதையே போடுகிறார்களே, அங்கே பொருளே கெட்டுப்போகிறது.

மூலச்சொல் லத்தீன். நோவுஸ் என்றால் புதிய. இன்னோவாரே என்றால் புதிதாக்குதல். அவ்வளவுதான்.

கண்டுபிடிப்பது வேறு. ஏற்கெனவே இருப்பதைத்தான் கண்டு, பிடிக்க முடியும். தொலைந்த ஆட்டைக் கண்டுபிடிக்கிறோம். பத்தமடையில் கோரையை ஊறப்போட்டு, நூலாகக் கிழித்து, பட்டுப்போல் பாய் நெய்த முதல் ஆள் எதைக் கண்டுபிடித்தார்? கோரை தாமிரபரணிக் கரையில் எப்போதும் இருந்தது, பாய்தான் இல்லை. அவர் ஆக்கினார். இன்று அதே ஊரில் ஒரு பெண் முதன்முதலாகத் தறியில் உட்கார்ந்தால் அந்தப் பாய் அவளுக்குப் புதிது, ஊருக்குப் பழையது.

திரியா, லொரேட்டோ, செர்வேடியோ, ஸ்ட்ரோகாட்ஸ் என்ற ஆய்வாளர்கள் நால்வரும் 2014இல் எழுதிய கட்டுரையில் இந்த வேறுபாடு முக்கியம். ஒருவருக்கு மட்டும் புதிதானது நாவல்ட்டி, எல்லாருக்குமே புதிதானது இன்னோவேஷன். இரண்டும் ஒரே கணக்கின்படி நடக்கக்கூடும் என்கிறார்கள். இரண்டுக்கும் கண்டுபிடிப்பு என்றே எழுதிவிட்டால் அப்புறம் சொல்ல என்ன மிஞ்சும்?

அவர்கள் எடுத்தது கணிதவியலாளர் போல்யாவின் தாழிக் கணக்கு. (ஆதிச்சநல்லூர் இருக்கும் மண்ணில் தாழியை விட்டுவிட்டுக் கலசம், ஜாடி என்று எழுதுவானேன்?) தாழிக்குள் பல நிறப் பந்துகள். ஒன்றை எடுத்தால் அதைத் திரும்பப் போட்டு, அதே நிறத்தில் இன்னும் சிலவற்றையும் சேர்க்க வேண்டும். பழகியது மறுபடி வரும் வாய்ப்பு கூடுகிறது. பழைய கணக்கு இதோடு முடிந்தது. நால்வரும் ஒரு விதி சேர்த்தார்கள்: எடுத்த நிறம் அப்போதுதான் முதன்முறை வந்ததென்றால், தாழியில் அதுவரை இல்லாத நிறங்களும் உள்ளே போகும். ஒரு புதுமை அடுத்த புதுமைகளுக்கு இடம் திறக்கிறது. உயிரியலாளர் ஸ்டுவர்ட் காஃப்மன் பேசிய ‘அண்டைச் சாத்தியம்’ இதுதான்.

இதைக் கண்டுபிடிப்பு என்று எழுதினால் எல்லா நிறமும் முதலிலேயே தாழிக்குள் கிடந்தன, நாம் கைவிட்டு எடுத்தோம் என்றாகிவிடும். அதாவது, அவர்கள் தாண்டிவந்த பழைய தாழிக்கே வாசகரை அனுப்புகிறோம். அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்கள் இதை யோசிப்பதில்லை.

நாவல்ட்டிக்குப் புதுமை, இன்னோவேஷனுக்குப் புத்தாக்கம். ஆசிரியர்களுக்கு நடத்தும் ‘புத்தாக்கப் பயிற்சி’யோடு குழம்புமே என்பார்கள். அது கற்றதைத் துலக்கும் பயிற்சி, அதில் ஆக்கம் ஏது? புத்தொளிப் பயிற்சி என்ற நல்ல சொல் அதற்கு ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.